மச்சாளின்ர அட்டவணையும் எட்டு மணி பஸ்ஸும்

கனடாவில இருந்து வந்து நிக்கிற மச்சாளுக்கு எங்கட கடற்கரைப் பக்கம் பாக்கவேணுமாம். வட்ஸ்அப்பில அட்டவணை அனுப்பிப்போட்டா. கிளிநொச்சியில 8.05க்கு ஏறுறது. முல்லைத்தீவில 9.40க்கு இறங்குறது. கடல் பாக்க 35 நிமிசம். பிறகு அங்கால அலம்பில் கடற்கரை.

இண்டைக்கு விடிய பஸ் ஸ்ராண்டில கொண்டக்டரைக் கேட்டன். "எட்டு ஐஞ்சு பஸ் இதோ அண்ணை?"

"இது எட்டு மணி பஸ் தங்கச்சி. எட்டரைக்கு வெளிக்கிடும்."

மச்சாளின்ர முகம் அப்பவே கறுத்திட்டுது.

விசுவமடுவில பஸ் நிண்டது. நிண்டது நிண்டதுதான். கொண்டக்டர் போனை வச்சிட்டுச் சொன்னார். "ஒரு அக்கா வாறா. சீலை கட்டிக்கொண்டு நிக்கிறாவாம்."

"ஒராளுக்காக ஒரு பஸ்ஸே நிக்கிறதோ? கனடாவில எண்டால் வழக்குப் போட்டிருப்பன்!" எண்டா மச்சாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பாத்தது. நான் யன்னலுக்கு வெளியால பாத்தன்.

நேரம் போயிட்டுதெண்டு அலம்பிலை வெட்டிப்போட்டு, கடலை மட்டும் பாத்திட்டுத் திரும்பினம். அதே பஸ்.

வட்டுவாகல் பாலத்தடியில றோட்டோரம் இறால் விக்கிறதை மச்சாள் கண்டிட்டா. "தம்பி, ரெண்டே ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்கோ!"

இருபது நிமிசம்.

பின்சீற்றில இருந்து ஒரு ஐயா கத்தினார். "என்னவாம் அங்க?"

கொண்டக்டர் திரும்பியும் பாக்கேல்லை. "கனடா அக்கா வாறா. இறால் நிறுத்துக்கொண்டு நிக்கிறாவாம்."

விட்ட அலம்பிலுக்கு நாளைக்குப் போறமாம். இப்பதான் புது அட்டவணை வந்தது. அதில நேரம் ஒண்டும் இல்லை. கொண்டக்டரின்ர போன் நம்பர் மட்டும் இருக்கு.

அந்த பஸ்ஸில வேலைக்குப் போற ஆக்கள் ஆரும் இருந்தால், இப்பவே லீவைப் போடுங்கோ.