வாயில் வைத்த ஆணி

ஆணிக்குத் தட்டுப்பாடாக இருந்த சண்டைக் காலம். கொழும்பிலிருந்து வருகிற சாமான்களை ஆமிக்காரர் வழியிலேயே மறித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இணுவிலில் எங்கள் வீட்டுச் சோபாச் செற்றியின் இருக்கை கிழிந்து தொங்கியது. அம்மாவின் தம்பியான மாமா, "ஒருத்தரிட்டையும் குடுக்கத் தேவையில்லை, நானே அடிச்சுத் தாறன்" என்று வந்து இறங்கினார்.

பழைய துணியைப் பிரித்து, அதிலிருந்த சின்ன ஆணிகளைக் கழற்றினார். வளைந்தவற்றைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. எனக்கு எட்டு வயது. சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி, அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடித்தார். அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் உதறிய தென்னந்தும்பு நார், எல்லாவற்றையும் மூட ஒரு பழைய திரைச்சீலை. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறுகையில் சுத்தியல். அதனால் ஆணிகளை வாய்க்குள் வைத்து, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பார்.

மூன்றாம் நாள் விளிம்பையும் அடித்து முடித்துவிட்டு மாமா தேத்தண்ணி குடிக்கப் போனார். நாலு ஆணி மிச்சம். நாலையும் நானும் வாயில் வைத்துப் பார்த்தேன். அம்மா குசினியிலிருந்து கூப்பிட, "ஓம்" என்றேன். துப்பிப் பார்த்தால் மூன்று.

சொல்ல வெட்கம். மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது வயிறு குத்துவது போல இருந்தது. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. மாமாவைத்தான் பிடித்தார். "உன்ரை வாய் என்ன ஆணிப்பெட்டியோ? பிள்ளையும் பாத்துப் பழகிட்டுது."

"நிலத்திலை விழுந்திருக்கும், அக்கா."

"விழாட்டி? கரண்ட் இல்லாத ஊரிலை எங்கை கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கிறது?"

நிலத்தைக் கூட்டி, குப்பையைச் சுளகில் போட்டுப் புடைத்தார்கள். இல்லை. மாமா மூன்று நாள் வேலையைப் பிரித்தார். தும்பைப் பாயில் கொட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கன நேரம் கோதினார். திரும்பியபோது விரல் நுனியில் ஓர் ஆணி.

"இஞ்சை கிடக்குது. தும்புக்குள்ளை போயிட்டுது."

என் வயிற்றுக் குத்து அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மூடி அடித்த இருக்கைக்குள் அது எப்படிப் போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா ஆணியைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அடுத்த நாளும் பழம், அதற்கடுத்த நாளும் பழம். நான் வெளிக்கிருக்க வளவுக்கோடிக்குப் போனால் கையில் ஈர்க்குக் குச்சியோடு அம்மாவும் பின்னால் வந்தார். மாமா செற்றியைத் தொடவேயில்லை. "என்னக்கா?" என்று மட்டும் கேட்பார். அம்மா இல்லையென்று தலையாட்டுவார்.

"ஆணிதான் கிடைச்சிட்டுதே, அம்மா?"

"ஓம், கிடைச்சிட்டுது. நீ பழத்தைத் தின்."

நாலாம் நாள் காலை எனக்குப் பின்னால் வளவுக்கோடியிலிருந்து வந்த அம்மா, கிணற்றடியில் நின்ற மாமாவைக் கண்டதும் ஈர்க்கை எறிந்துவிட்டு அழத் தொடங்கினார். மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்துச் செற்றிக்குப் போனார். ஒருவர் அழ, ஒருவர் சிரிக்க, என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஏன் பழம் தருவதில்லை என்றுதான் கன நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்.