எல்லா வீட்டுத் துணியிலும் ஒரு கோலம்

எங்கள் பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வாய் கொஞ்சம் நீளம். லைனில் ஒருத்தி கண் அசந்தால் போதும், அடுத்த லைன் வரை கேட்கும்படி திட்டுவேன். முதலாளியிடமே, "இந்த நூல வெச்சுட்டு எப்படிங்க தெக்கறது?" என்று கேட்டிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேச வேண்டிய ஒரு நாளில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன், அதைச் சொல்லத்தான்.

ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண் இருக்கிறாள். கிறிஸ்தவக் குடும்பம். ஆயுத பூஜைக்கு எங்கள் வாசலில் வருஷா வருஷம் அவள்தான் கோலம் போடுவாள். கோலமாவில் அல்ல. கட்டிங்கில் விழும் துண்டுத் துணியை நிறம் நிறமாகப் பிரித்து, பொடிசாக நறுக்கித் தரையில் நிரப்புவாள். அவள் போட்ட மயிலை மிதிக்க மனமில்லாமல் லோடு ஏற்றுகிறவர்கள் பின்வாசல் வழியாகப் போனதுண்டு.

போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு ஊர்வலத்தின்போது வாய்த்தகராறு முற்றி, மதத்தைச் சொல்லிக் கல் வீசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனியிலும் ஆட்கள் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்தத் தடவ கம்பெனித் துணி வேண்டாங்க. எல்லார்த்து ஊட்டுலயும் ஒரு பழைய துணி வாங்கறனுங்க. தொவச்சு, நறுக்கிக் கலந்துட்டா எது யாரு ஊட்டுதுன்னு யாருக்குங்க தெரியும்?"

கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் கல்யாணச் சேலையின் கிழிந்த முந்தானையைக் கொடுத்தேன். அயர்ன் மாஸ்டர் தன் லுங்கியையும் மனைவியின் கறுப்புத் துப்பட்டாவையும் கொண்டுவந்தார். பீகார்க்காரர்கள் தோளில் போடும் துண்டைக் கொடுத்தார்கள். பிரிந்து சாப்பிட்டவர்களெல்லாம் அந்தத் துணி மூட்டையைச் சுற்றி உட்கார்ந்து நறுக்கினார்கள்.

பூஜைக்கு முந்தின நாள் முதலாளியின் மச்சினன் வந்தார். புதிதாக ஏதோ அமைப்பில் சேர்ந்திருந்தவர். "சாமி கும்பிடற எடத்துல அவங்க துணியாங்க? கோலமும் அந்தப் புள்ள போடக் கூடாதுங்க" என்றார். முதலாளி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். 'இத்தனை வருஷம் அவள்தானே போட்டாள்' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், அவ்வளவுதான்.

அவளிடம் போய், "கண்ணு, ஷிப்மென்ட் அவசரம். நீ மெஷின்ல உக்காரு, கோலத்த வேற ஆளு பாத்துக்குவாங்க" என்று பொய் சொன்னேன். "சரிங்க்கா" என்றாள். மூட்டையை நானே வேஸ்ட் குடோனுக்கு அனுப்பினேன். மறுநாள் கடையில் வாங்கிய கலர் பொடியில் யாரோ ஒரு பூவைப் போட்டார்கள். அவ்வளவு பேசிய மச்சினன் பூஜைக்கு வரவே இல்லை. அவள் வந்தாள். கடைசியில் நின்று பொரி வாங்கிக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து அவள் தெருக்காரி ஒருத்தி எனக்கு ஒன்று சொன்னாள். அவர்கள் சர்ச்சில் புதிதாக வந்த போதகர், விக்கிரகத்துக்குக் கோலம் போடுகிறவள் பாட்டுக் குழுவில் நிற்கக் கூடாது என்றாராம். இவள் சபை நடுவில் எழுந்து, "கோலத்த விட மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து இறங்கி வந்துவிட்டாளாம். சின்ன வயதிலிருந்து அங்கே பாடியவள். பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது.

மறுநாள் டீ நேரத்தில் அவளிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "மன்னிச்சுக்க கண்ணு. உங்க சர்ச்சுல பண்ணுன அதே வேலைய நானும் பண்ணிப்போட்டேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த பனியனில் பிசிறு நூலைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அதே வேல இல்லீங்க்கா. அவங்க அது தப்புன்னு நம்பி என்ன வெலக்கி வெச்சாங்க. நீங்க நம்பாமயே வெலக்கி வெச்சீங்களே."