விளக்குக்காகக் கழற்றிய பிளக்

இன்று என் மனுசனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் போய் நாற்பது நாள்.

எங்கள் படங்களெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எனக்கு அவர் லினக்ஸ் சிஸ்டம் போட்டுத் தந்த கம்ப்யூட்டரிலிருந்தே அவற்றைப் பார்க்கலாம். இரண்டு கிழமையாக அந்த ஃபோல்டர் வரவில்லை. "அரைகுறையாச் செய்து வச்சிட்டுப் போயிட்டார்" என்று எங்கள் கொட்டாஞ்சேனை ஊர் முழுக்கக் குறை சொன்னேன்.

இன்று அவருடைய கூட்டாளி ரிஸ்வான் வந்து பார்த்தார்.

"அக்கா, இதில பிழையில்ல. நெட்வேர்க்கில அண்ணன்ட கம்ப்யூட்டரே இல்ல. ஓஃப் பண்ணினீங்களா?"

"ஐயோ, நான் தொடவே இல்ல!"

அறைக்குள் போய்ப் பார்த்தோம். இரண்டு கிழமைக்கு முன் அவர் படத்துக்கு முன்னால் கரண்ட் விளக்குப் போட நான்தான் அதன் பிளக்கைக் கழற்றியிருந்தேன்.

"அண்ணன் இருந்தா ஒரு கிழமைக்குச் சிரிச்சிருப்பார்" என்றார் ரிஸ்வான்.

உயிரோடு இருக்கிறவரைத் திட்டினால் நண்டுக்கறி வைத்துச் சமாளிக்கலாம். போனவரைத் திட்டினால் என்ன வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.