பக்கம் புரட்டப் போன மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை வாய் செத்தவர். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே கச்சேரி மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறார். அன்று சாயங்காலம் பியானோக்காரி பார்த்து வாசிக்கிற பாட்டுத் தாளைப் புரட்டும் ஆள் வரவில்லை.

"நான் தலையாட்டினா புரட்டுங்க. சரியாச் செஞ்சா இந்த வேலையையே உங்களுக்குக் குடுக்கச் சொல்றேன்" என்று இவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பியானோவோடு நாலு பிடில். அந்தப் புதுப் பாட்டை எழுதியவன், கச்சேரி கேட்க வந்திருந்த என் பக்கத்து நாற்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் எழுதியதில் தாளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதனால் பிடில்காரர்கள் எப்போது சேர வேண்டும் என்று காட்டவும் அவள் தலையாட்டினாள். இவர் புரட்டினார். மறுபடி ஆட்டினாள், மறுபடி புரட்டினார். வேண்டாம் என்று தலையை உலுக்கினாள். அதற்கும் ஒன்று புரட்டினார்!

'ஐயோ, கையைக் கட்டிட்டு உக்காருங்க மாப்பிள்ளை' என்று தொண்டை வரை வந்தது. அத்தனை பேர் நடுவில் எப்படிக் கத்துவது?

பாட்டு நின்றுபோனது.

"யாரும்மா அந்த ஆளு?" என்றான் எழுதியவன்.

"என் பொண்ணோட தலையெழுத்து" என்றேன்.

முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை அவளே இடது கையால் புரட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்து போகவும் வழியில்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.