வன்னி வராத புரட்டாசி

ஊரூர்க் குப்பத்தில் தனபாலன் கயிறு விட்டுப் பார்க்காமல் எந்தக் கட்டுமரமும் கடலில் இறங்காது. அலைக்கு அப்பால் போய், கல் கட்டிய கயிற்றை ஆழத்தில் விடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. இந்த ஒரு விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்ததுதான் குப்பத்துக்குச் சட்டம். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. எறா என்கிற இறால் கிடைக்கிற மாதங்களில் குப்பத்தில் பாதிப்பேர் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஓட்டம் வன்னிக்குத் திரும்பும். அதன்பின் மழை கொட்டும், ஆறு பெருகும். ஆகவே வன்னி வந்துவிட்டது என்று தனபாலன் சொன்ன அன்றே எல்லாரும் ஓலையைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் ஓலையை அவர் குடிசையில்தான் உருவ வேண்டும் என்பது வழக்கம். அதற்கு முன் யாரும் கை வைப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவர்கள் பலரும் திரும்பியிருந்தார்கள். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று புயல், மழைச் சேதியையெல்லாம் சர்க்கார் இப்போது முன்னைப்போல வெளியே விடுவதில்லை என்று சந்தையில் பேச்சு. குப்பத்துக்கு அதனால் என்ன நஷ்டம் என்று தனபாலன் சிரித்தார். அவரிடம்தான் கயிறு இருந்ததே.

மகள் முத்துலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சாயங்காலம் அப்பா கயிற்றோடு கிளம்பினால் கூடவே வந்து கரைத் தண்ணீரில் நிற்பாள்.

"நைனா, கடலு வெந்நி கணக்கா கீது. காலுக்கு எவ்ளோ இதமா கீது தெரியுமா?"

"நில்லும்மா, நல்லா நில்லு."

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எந்தப் புரட்டாசியிலும் கடல் இப்படிச் சுட்டதில்லை. ஆனால் காலில் படுகிற சூட்டை எவன் கணக்கில் எடுப்பான்? கயிறு வடக்கே சாய்ந்தது. தெண்டி. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

மனைவி வேம்புக்கு மனசு ஒப்பவில்லை.

"காத்து ஒரு மாதிரி கீதுய்யா. மாசமா கீற பொண்ண வச்சிக்கினு இந்தத் திட்டுல இன்னாத்துக்கு? நம்ப மட்டும் மேட்டுக்குப் பூடலாம்."

"வன்னியே வர்ல. நான் ஓலையப் பிரிச்சா ஊரே பிரிக்கும். மழ வர்லன்னா என் மூஞ்சில காறித் துப்புவானுங்க."

"துப்பட்டுமே. தொடச்சிக்கினா போவுது."

அவருக்குச் சுருக்கென்றது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மழை பிடித்தது. விடாமல் அடித்தது. கொட்டுகிற மழையில் கட்டுமரத்தைத் தள்ளிப் போய்க் கயிறு விட்டார். அப்போதும் தெண்டிதான். வன்னி இல்லாமல் வருகிற மழை வந்த வழியே போய்விடும் என்று திட்டில் எல்லாருக்கும் சொன்னார். அப்போதாவது பிரித்திருக்கலாம். மனிதர் மசியவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில்தான் ஆத்திரம் வருகிறது.

அடுத்த நாள் காலை ஆறு வந்தது. மேற்கே ஏரிகள் உடைத்துக்கொண்டன என்று பிறகுதான் தெரிந்தது. கடலிலிருந்து புயல்காற்று எதிரே நின்று தள்ளியதால் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போக முடியாமல் திட்டின்மேல் ஏறியது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலறினார்கள். தனபாலன் மகளைக் கட்டுமரத்தில் படுக்க வைத்தார். பயத்தில் அவளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. வேம்பு ஒரு பக்கம் கட்டையைப் பிடித்துக்கொள்ள, அவர் மறுபக்கம் துடுப்புப் போட்டார். பாதி ஆற்றில், வேரோடு வந்த மரம் ஒன்று மோதிக் கட்டு அவிழ்ந்தது. மகளின் கை அவர் கையில் இருந்தது. பிறகு இல்லை.

வடக்கே நொச்சிக்குப்பத்தில் உடல் ஒதுங்கியது. கடைசிவரை ஓட்டம் வடக்கேதான் ஓடியிருக்கிறது. அவர் சொன்னது கொஞ்சமும் தப்பில்லை.

துக்கம் கேட்க மயிலாப்பூரிலிருந்து ஹபீபுர் ரஹ்மான் வந்தார். கப்பலில் சுக்கான் பிடித்து ஓய்ந்தவர், வாரம் தவறாமல் தனபாலனிடம் மீன் வாங்குகிறவர். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நீ சொன்னது சரிதான் தனபாலு. ஓட்டம் திரும்பவே இல்ல."

"அப்ப அந்தப் புயலு எங்கேர்ந்து வந்துச்சு பாய்?"

"கப்பல்ல வாளில கடத்தண்ணி மொண்டு சூடு பாப்பாங்க. ஏறிக்கினே போச்சுன்னா எல்லார் மூஞ்சியும் மாறிடும். தெக்கேர்ந்து வர்ற தண்ணி சூடு. வன்னி வந்தாத்தான் அத்தக் குளுத்தும். வர்லன்னா சூடு அங்கியே நிக்கும், ஆவி மேல போய்க்கினே இருக்கும். அத்தக் குடிச்சிதான் காத்து பெருசாவுது. அடுப்பு எரிய எரிய ஒல கொதிக்கிதுல்ல, அப்டி. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். வன்னி வராததுதான்…"

சொல்லிக்கொண்டு வந்தவர் தனபாலன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"புள்ள சொல்லிச்சு பாய்," என்றார் தனபாலன். "வெந்நி கணக்கா கீதுன்னு எங்கிட்டதான் சொல்லிச்சு. நல்லா நில்லுன்னேன்."

அதன்பிறகும் அவர் கடலுக்குப் போனார், மீன் கொண்டுவந்தார். கயிற்றை மட்டும் தொடவில்லை. அடுத்த புரட்டாசியில் குப்பத்தார் வந்து, "வன்னி வந்துச்சா?" என்று கேட்டபோது, "என்னக் கேக்காதீங்க, இப்பவே பிரிங்க," என்று சொல்லித் தன் குடிசை ஓலையை உருவினார். எறா துள்ளிக்கொண்டிருந்த நேரம். இரண்டு பேர் காறித் துப்பத்தான் செய்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வேம்பு அவரை மன்னிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அந்த வருஷத் தீபாவளி விடியலில் தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீர் விளாவி, ஒரு சொம்பை அவர் காலில் ஊற்றினாள். தனபாலன் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"வாணாம் வேம்பு. பச்சத் தண்ணி கொண்டா."

ஏனென்று வேம்புக்குத் தெரியும். அவளும் அந்தச் சாயங்காலங்களில் மகளைத் தேடிக் கரைக்கு வந்தவள்தான், அந்தத் தண்ணீரில் நின்றவள்தான். வெந்நீரை மணலில் கொட்டிவிட்டுக் கிணற்றுக்குப் போனாள்.