எனக்குப் புரியாத என் ரத்தம்

சேலைக் கடையில் நாற்காலி உண்டு, உட்காரத்தான் நேரம் இருக்காது. நாள் முழுக்க நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தி. நகரில் பட்டுப் பிரிவில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன்.

ஒற்றைக் கால்

ஆடித் தள்ளுபடி சமயத்தில் இடது கால் வீங்கி, கெண்டைக்கால் சுட்டது. நின்று நின்று வந்த வலி என்று தைலம் தேய்த்து மூன்று நாள் ஓட்டினேன். பக்கத்துக் கவுன்ட்டர் செல்வி குனிந்து பார்த்தாள்.

"நாம ரெண்டு கால்லயும்தானே நிக்கிறோம்? ஒண்ணு மட்டும் ஏன் வீங்கணும்?"

டியூப்பில் வேறு, உடம்பில் வேறு

அன்றே மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஸ்கேன் எடுத்தார்கள். காலில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. தைலம் தேய்த்தேன் என்றதும் டாக்டர் முகம் மாறியது. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிரே போயிருக்குமாம்.

பிறவிக் கோளாறு இல்லை. என் உடம்பே நடுவில் உண்டாக்கிய ஏதோ ஒன்று ரத்தத்தை உறைய வைக்கிறது என்றார். ஆனால் லேப் டியூப்பில் அதே ரத்தம் உறைய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்ததாம். பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் அப்படியே. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்து செல்வியிடம் சொன்னேன்.

"உன் ரத்தமும் நம்ம கஸ்டமர் மாதிரிதான்டி. இங்க ஒண்ணு சொல்லும், வீட்டுக்குப் போய் வேற ஒண்ணு செய்யும்."

கீரை

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்தே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஐ.என்.ஆர். என்ற எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும்; இறங்கினால் ரத்தம் உறையும், ஏறினால் கசியும். ரத்தத்துக்கு நல்லது என்று தினமும் கீரை சாப்பிட்டேன், எண் இறங்கிவிட்டது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம். கீரையை அடியோடு விட்டேன். சூப்பர்வைசர் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். அவருக்கும் குழப்பம்.

"எங்க ஊர்ல ரத்தம் இல்லன்னாதான் கீரை தின்னச் சொல்லுவாவ. உனக்கு ரத்தம் இருக்கா, இல்லையாம்மா?"

கன்றிய கை

கீரையை விட்ட ஒரு மாதத்தில், கையில் எது பட்டாலும் அந்த இடம் கன்றியது. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று மெல்லக் கேட்டார். மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டுக்காரருக்கும் அதே மாத்திரைதானாம். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா என்றார். இரண்டு நாளாக வருகிறது என்றேன். விரித்திருந்த புடவைகளை அவரே மடிக்க ஆரம்பித்தார்.

"பொடவ நாளைக்கி எடுத்துக்கறேன். நீ இப்பவே டாக்டராண்ட போ."

போனேன். எண் ஐந்தைத் தாண்டியிருந்தது. கீரையை விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவு சாப்பிடுங்கள் என்று சொல்லி மாத்திரையைக் குறைத்தார் டாக்டர்.

இப்போது எண் ஒழுங்காக நிற்கிறது. ஏன் நிற்கிறது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.