ஒரு பெர்ஹாப்ஸும் மடி நிறைய நிலக்கடலையும்

மொட்டை மாடியில் மிளகாய் காய்கிறது. அள்ளுவதா விடுவதா என்று பேத்தியைக் கேட்டேன். கைபேசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மழைக்கு அறுபது பர்சன்ட் சான்ஸ் தாத்தா" என்றாள். அறுபது பர்சன்ட் மழையில் மிளகாய் எத்தனை பர்சன்ட் நனையும் என்று அந்தக் கருவியிடம் கேட்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் கணக்கு கிடையாது, வார்த்தைதான். அதுவும் இங்கிலீஷ் வார்த்தை.

மிளகாய் நெடி ஏறினாலே எனக்கு நான் முதலில் வேலை பார்த்த அலுவலகம் ஞாபகம் வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கம். தருமபுரிப் பக்கம் ஒரு சின்ன அரசாங்க அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம், வம்பு. பக்கத்திலேயே மிளகாய் மண்டி இருந்ததால் தும்மிக்கொண்டேதான் கோப்பு எழுதுவோம். சேர்ந்த புதிதில் ஒரு கிணற்றைப் பார்த்து வரச் சொன்னார்கள். போனேன், எட்டிப் பார்த்தேன், கல்லைப் போட்டேன். டங்கென்றது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று எழுதிக்கொண்டுபோய் ஹெட்கிளார்க்கிடம் நீட்டினேன்.

"நீ கெணத்துல எறங்குனியா?"

"இல்லீங்க சார். மேல நின்னு பாத்தனுங்க."

"அப்பறம் எப்பிடி இல்லைங்கற? நாளைக்கி ஊறிச்சின்னா எவன் பதில் சொல்றது? 'அப்பேரன்ட்லி' போடு."

போட்டேன். பார்த்தால் தண்ணீர் இல்லாதது மாதிரி தெரிகிறது என்று ஆகிவிட்டது. இனிமேல் கிணற்றில் கடலே பொங்கினாலும் என்னை யாரும் கேட்க முடியாது. அந்த அலுவலகத்தில் 'ஆமாம்', 'இல்லை' என்று சொல்லி மாட்டிக்கொண்ட மனிதர் ஒருவரும் இல்லை. ஹெட்கிளார்க்குக்குப் பேரன் பிறந்தபோது, "பையனுங்களா சார்?" என்று கேட்டதற்கு, "அப்பேரன்ட்லி" என்றுதான் சொன்னார்.

மனு கொடுக்க வருகிற விவசாயிகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். வாசலில் இருந்த டீக்கடையில் புதிதாக வந்த ஒருவருக்குப் பழைய ஆள் விளக்கம் சொன்னதை நானே கேட்டேன். "'ப்ராபப்ளி'ன்னா ஆவாதுன்னு அர்த்தம், நம்மள வெளிய அனுப்பறதுக்குச் சொல்றது. 'அப்பேரன்ட்லி'ன்னா நம்ம பைல் கட்டையே காணோம்னு அர்த்தம். 'பெர்ஹாப்ஸ்' இருக்குது பாரு, அது பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடப்போற நேரத்துல மட்டுந்தான் சொல்லுவாரு. அது வந்துட்டா வூட்டுக்குப் போயி வெள்ளாமைய எடுத்துட்டு நிம்மதியா வா, வேலை முடிஞ்சிரும்." டிக்‌ஷனரி எழுதியவர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

இந்த நேரத்தில்தான் ஏரியூருக்குப் பெண் பார்க்கப் போனோம். வேகவைத்த கடலையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனியாமல் என்னை நேராகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. அவள் அப்பா, "தம்பி, புள்ளயப் புடிச்சிருக்குங்களா?" என்று கேட்டார். வாய் அலுவலகத்து வாய் அல்லவா? "ப்ராபப்ளிங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "எங்க பட்டாவுக்கு ரெண்டு வருசமா உங்க ஆபீசுல இதைத்தானுங்க தம்பி சொல்றாங்க. புள்ளைக்குமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது அம்மா, "புடிச்சிருக்குன்னு சொல்ல ஒனக்கு ஆபீசர் உத்தரவு போடணுமாடா?" என்று திட்டித் தீர்த்துவிட்டாள். வேறு இடத்துக்குப் பேச்சு ஓடுகிறது என்று தரகர் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஏரியூர் பஸ் ஏறிவிட்டேன்.

எல்லாரும் கொல்லையில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனால் மறுபடியும் வாய் குழறிவிடும் என்ற பயத்தில் வரப்பில் நின்றே கத்தினேன். "புடிச்சிருக்குங்க! ரொம்பப் புடிச்சிருக்குங்க!"

கொல்லையே நிமிர்ந்து பார்த்தது. கூலிக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் அப்பா மண்கையோடு இடுப்பைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஆபீசுல இப்பிடி நேரா ஒரு வார்த்தை சொல்ற ஆளும் இருக்குதா?" என்றவர் மகள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்.

மடி நிறையக் கடலையோடு நின்றவள், அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெர்ஹாப்ஸ்."

பட்டாவுக்கு நடந்த அப்பா மூலம் டீக்கடைப் பாடம் அவள்வரைக்கும் போயிருந்தது; எனக்கு மட்டும் மறந்திருக்குமா? வெள்ளாமையை எடுக்கும் வரை நிம்மதியாகக் காத்திருந்தேன். கடலை மண்டிக்குப் போனதும் கல்யாணம் நடந்தது. மாமனாரின் பட்டா மட்டும் நான் ஓய்வு பெறும் வரையிலும் 'ப்ராபப்ளி'யிலேயே நின்றது.

இன்று அந்த அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஹெட்கிளார்க் இல்லை, மண்டியும் வேறு பக்கம் போய்விட்டது. அந்த வார்த்தைகளையும் இப்போது யாரும் சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் பர்சன்ட் வந்துவிட்டது. போன வருடம் ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து, என் வீட்டுக்காரி பிழைக்க எண்பது பர்சன்ட் வாய்ப்பு என்றார். நல்ல பிள்ளைதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பர்சன்ட் இல்லை. ஒரே ஒரு பெர்ஹாப்ஸ்.

மிளகாய் இன்னும் மாடியில்தான் கிடக்கிறது. "மழ வருமா?" என்று பழக்கதோஷத்தில் ஆளில்லாத சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டேன். பேத்திதான் அறையிலிருந்து பதில் சொன்னாள், இப்போது எழுபதாம்.